பெயர் எழுதாத சீட்டு

"பேரு எழுதாம மருந்து மட்டும் வாங்கிக்க முடியுமாம்மா?" என்று கேட்டாள் காளியம்மாள்.

மேகலா எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

நீடாமங்கலத்தின் அந்தத் தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவு அவள் பொறுப்பு. மருந்துச் சீட்டு விஷயமெல்லாம் அவளிடம் வராது. ஆனாலும் மருந்து தரும் இடத்தில் இருந்தவர்கள் இந்த அம்மாளை அவளிடம்தான் அனுப்பியிருந்தார்கள்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள். ரயில்வே கேட் மூடிக் கிடக்க, பொறுக்கமாட்டாமல் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எம் மவ செம்மொழிக்குத்தாம்மா. மாத்திரை தீந்து பத்து நாளாச்சு. இங்க வந்தா மறுபடியும் பேரு எழுதுவாங்கன்னு வரமாட்டேங்கிறா."

செம்மொழி. அந்தப் பெயரை மேகலா பார்த்திருக்கிறாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, யாரோ ஒரு பொய் மின்னஞ்சலைத் திறந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஸ்கேன் அறையிலிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடம் வரை எல்லாக் கணினியும் பூட்டிக்கொண்டன. ஆபரேஷனுக்குத் தயாராக இருந்தவரை ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

சென்னையிலிருந்து இணையப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் போனில் வந்தார். கணினித் திருடன் எந்த வழியாக நுழைந்தான், எங்கெங்கே கைவைத்தான் என்று காட்டும் பதிவை உடனே அனுப்பச் சொன்னார். அதை வைத்துத்தான் மற்ற மருத்துவமனைகள் தங்கள் கதவை மூடிக்கொள்ள முடியும்.

தனியே வைத்திருந்ததால் பூட்டாமல் தப்பிய ஒரு கணினியில் இருந்த அந்தப் பதிவில், திருடன் கடைசியாகத் தொட்டது மனநலப் பிரிவின் நோயாளிகள் பட்டியலை. இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள், ஊரோடு வரிவரியாக இருந்தன.

ஆட்களின் அடையாளத்தை இயன்றவரை நீக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும் என்றது சட்டம். அவசரமென்றால் அப்படியே அனுப்பலாம், அனுப்பியவர் மேல் குற்றமில்லை என்றும் அதே சட்டம் சொன்னது.

எல்லாப் பெயர்களையும் நீக்க ஒரு மணி நேரமாகும் என்று பெரிய டாக்டர் பஞ்சநதத்திடம் சொன்னாள்.

"அதுக்குள்ள மயிலாடுதுறை ஆஸ்பத்திரியும் பூட்டிக்கிட்டா, அங்க வெண்டிலேட்டர்ல இருக்கறவங்க கதி என்னம்மா?" என்றார் அவர்.

அனுப்பிவிட்டாள்.

நான்கு மருத்துவமனைகள் தப்பின. பாராட்டுக் கடிதம் வந்தது.

பதிவு போய்ச் சேர்ந்த இடங்களில் ஏதோ ஒன்றில், யாரோ அந்தப் பட்டியலைப் போனில் படம் எடுத்தார்கள். வாட்ஸப்பில் அது ஊர் ஊராகப் போயிற்று. செம்மொழி பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர்கள் கூட்டமாக வந்து, இந்த டீச்சரை நம்பி எப்படிப் பிள்ளைகளை விடுவது என்று கேட்டார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து பாதிப் பாடத்தில் எழுந்து வந்தவள், அதற்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

"யாரு அனுப்புனாங்கன்னு கேக்க வரலம்மா" என்றாள் காளியம்மாள். "நாலு உசுரு பொழைக்கணும்னுதான் அனுப்பிருப்பாங்க. அந்தப் பேரையெல்லாம் எடுக்கத்தான் நேரமில்லாமப் போச்சுங்களா?"

"நேரமில்லம்மா."

காளியம்மாள் தலையாட்டினாள். அந்தப் பதிலை அப்படியே நம்பினாள். கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்கூட மேகலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேகலா எழுந்து போய் டாக்டரிடம் மன்றாடி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் போட்ட சீட்டில் ஒரு மாத மாத்திரை வாங்கி வந்தாள். காளியம்மாள் அதைப் பைக்கு அடியில் வைத்து, மேலே வெற்றிலைக் கட்டைப் போட்டு மறைத்தாள்.

"நீங்க நல்லாருக்கணும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மேகலா தன் கணினிக்குத் திரும்பினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, பதிவை அனுப்புவதற்கு முன், பட்டியலில் ஒரே ஒரு பெயரை மட்டும் அவள் தேடி அழித்திருந்தாள். பரணிதரன். அவளுடைய தம்பி.

வருகிற தையில் அவனுக்குக் கல்யாணம்.