ஆறு கை வேணும்

நெல்லித்தோப்பில் எங்கள் அடுக்குமாடியில் பத்து வீடுகள். பராமரிப்புக் கம்பெனி எட்டு மாதமாக லிஃப்டைச் சரிசெய்யவில்லை. மூன்றாம் மாடி கமலவேணி அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் படியிறக்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

கம்பெனியை நீக்க ஞாயிறு காலை வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டோம். ஐந்து பேர்தான் வந்தோம். அக்காவின் நாற்காலியையும் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டேன். அது என் வீம்பு.

கம்பெனி மேனேஜர் செம்மல் சிரித்தார். "பத்து வீட்டுக்கு ஆறு கை வேணும்மா. நீங்க அஞ்சு பேர்தான் இருக்கீங்க. டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"தூக்குறோம். நீங்களே எண்ணுங்க சார்," என்றேன். பள்ளிக்கூடத்தில்கூடக் கை தூக்காதவள் நான். அன்று முதலில் தூக்கியது நான்தான்; மற்ற நால்வரும் தூக்கினார்கள்.

அவர் விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். சிரிப்பு நின்றுவிட்டது. கூட்ட நோட்டில் 'ஆறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் கைகளை இறக்கினோம். அவர் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் எறக்கிடுங்கம்மா," என்றார். "எழுதிட்டேன்."