இருபத்தைந்து டிகிரி

"இன்னாம்மா, கதவ இப்படித் தொறந்து போட்டுட்டு நிக்கிற? தொட்டித் தண்ணி சூடாயிடும்ல, சாத்து!"

மாமனார் ஜெயவேலு போட்ட சத்தத்தில், காய்கறிப் பையோடு வாசலில் நின்ற சத்யபிரியா அவசரமாக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். திட்டு வாங்கியவள் முகத்தில் ஒரே சிரிப்பு. இருக்காதா பின்னே!

போன வருடக் கத்திரி வெயில் ஜெயவேலுவை ஒரு வழி பண்ணிவிட்டது. ஹாலில் மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. "எழுபத்தாறு வயசு. இன்னொரு தடவை இப்படி ஆனா உடம்பு தாங்காது. குளிர்ச்சியா வெச்சுக்கங்க" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

மகன் வெற்றிவேல் அந்த வாரமே ஹாலில் ஏசி மாட்டினான். மாட்டி என்ன பிரயோஜனம்? மனுஷன் அசைந்து கொடுத்தால்தானே!

"வெயில்ல நாத்து நட்ட உடம்புடா இது. நான் இன்னா ஐஸ் பொட்டியில வெக்கிற மீனா? நிறுத்துடா அத்த!"

மகன் கெஞ்சினான். மருமகள் அழுதே பார்த்தாள். ரிமோட் பீரோவுக்குள் போனதுதான் மிச்சம்.

இந்தச் சித்திரை பிறந்ததும் சத்யபிரியா காலண்டரைப் பார்த்து நாட்களை எண்ணினாள். மறுபடி கத்திரி வரப்போகிறதே! அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. கடல் மீன் வளர்க்க அவளுக்கு ரொம்ப நாளாக ஆசையும் கூட. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று மாடம்பாக்கம் வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது.

சேலையூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜெரோம் நேரில் வந்து எல்லாம் செய்து கொடுத்தார். சுத்திகரித்த தண்ணீரில் பாக்கெட் கடல் உப்பை அளந்து கலந்தார். கடலிலிருந்து எடுத்த ஓட்டை ஓட்டையான கற்களை உள்ளே அடுக்கினார்.

"ஒரு மாசத்துக்கு மீன் விடக் கூடாதுக்கா. இந்தக் கல்லுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு. அதுங்க பெருகி, தண்ணி பக்குவமானாத்தான் மீன் பொழைக்கும்."

"உப்புத் தண்ணிக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்? கோவளத்துல எறங்கி ரெண்டு கேன் மொண்டுக்கினு வந்தா வேலை முடிஞ்சிது" என்றார் ஜெயவேலு.

ஜெரோமை வழியனுப்பிவிட்டு வந்த சத்யபிரியா, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மாமா, தண்ணி இருபத்தஞ்சு டிகிரியிலயே இருக்கணுமாம். சூடு ஏறினா அந்தக் கல்லுல இருக்கிற உசுரெல்லாம் செத்துடுமாம். நாள் முழுக்க ஏசி ஓடணுமாம்."

பச்சைப் பொய்! ஜெரோம் வாசலில் சொன்னதே வேறு. "மீன் விடற வரைக்கும் ஒண்ணும் வேணாம்க்கா. அப்புறமும் தண்ணிக்கு மேல ஒரு குட்டி ஃபேன் வெச்சாப் போதும்."

ஜெயவேலு தொட்டியையே வெறித்தார்.

"உசுருன்னு சொல்ற. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? போட்டுத் தொல. ஆனா எனக்காக இல்ல, ஆமா!"

அன்றிலிருந்து வீட்டில் ஏசி நிற்கவே இல்லை. அடுத்த வாரம், தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று கட்டிலையே ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார் ஜெயவேலு. "இருபத்தாறு ஆயிடுச்சு, கொறைச்சு வை" என்று மணிக்கொரு தரம் குரல் கொடுத்தார். "மீனே இல்லாத தொட்டிக்கு இவ்வளவு பந்தாவா?" என்று கேட்ட எதிர்வீட்டு ரத்தினபாயிடம், "தண்ணி பக்குவமாயிக்கினு கீது, உனக்கு இன்னா தெரியும்?" என்று எகிறினார்.

பெரியவரை ஏமாற்றுகிறோமே என்று சத்யபிரியாவுக்கு உறுத்தும். பட்டப்பகலில் அவர் போர்வைக்குள் சுருண்டு குறட்டை விடுவதைப் பார்த்ததும் உறுத்தல் ஓடிப்போகும். ஒரே பயம்தான். விஷயம் தெரிந்தால் ரிமோட் மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.

வெளியே கத்திரி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், இரண்டு ஆரஞ்சு நிற மீன்களை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஜெரோம் வந்தார். சத்யபிரியா ஓடிப்போய் அவரை கேட்டிலேயே மடக்கினாள்.

"ஜெரோம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உள்ள வந்து ஃபேனைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாதீங்க."

"ஏன்க்கா?"

அவள் குரலைத் தாழ்த்தி, டாக்டர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். "மாமாவுக்காகத்தான் இந்தப் பொய். அவருக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்!"

ஜெரோமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்த மீன்கள் குலுங்கின.

"எதுக்குச் சிரிக்கறீங்க?"

"தொட்டி வெச்ச நாலாம் நாளே பெரியவர் கடைக்கு வந்து என்கிட்ட கேட்டுட்டாருக்கா. ஏசி வேணாம், ஃபேனே போதும்னு நானும் சொல்லிட்டேன். அதுக்கு அவரு, 'எப்பா, இத்த எங்க மருமவ கிட்ட சொல்லிடாத, ஏசிய நிறுத்திடப் போறா. வெயிலுக்கு அவ்ளோ சுகமா கீது, வேணாம் வேணாம்னு குதிச்சிட்டு இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு!"