ஊதா வட்டங்கள்

அலெக்சாந்திரியாவில் டிராம் ஓடும் தெருவில், ஒரு மாடி கிளினிக்கில் சட்டையில்லாமல் நிற்கிறான் வஜீஹ். விவரம் தெரிந்த நாள் முதலாக யார் முன்னாலும் அவன் இப்படி நின்றதில்லை. ஜன்னல் வெயில் நேராக மார்பில் விழுகிறது. பெண்ணுக்குப்போலச் சரிந்திருக்கும் சதையை டாக்டர் ஷுக்ரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, பொத்தென்று விடுகிறார். ஊதாப் பேனாவால் வட்டம் போடுகிறார். மை சில்லென்று ஊர்கிறது. வஜீஹ் சுவரிலுள்ள சான்றிதழ்களைப் படிக்கிறான். முடி நடுதல், தோல் வெளுப்பு, மறுபடியும் முடி நடுதல். “டாக்டர், நீங்க ஆபரேஷன் படிச்சது எங்க?” பேனா நிற்கிறது. “நீ பேஷண்டா, பரீட்சை வைக்கிற வாத்தியாரா?” கூட வந்த அண்ணன் மித்ஹத் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். “கொழுப்பை வெட்டிப் போடறதுக்கு என்னடா படிப்பு? உன் நிச்சயதார்த்தத்துக்குள்ள ஆம்பளையாயிடு, மானத்தை வாங்காத.” “இதுக்குன்னே படிச்ச சர்ஜனை நானே பாத்துக்கறேன், அண்ணா.”

வஜீஹ் சட்டையை மாட்டிப் பித்தான் போட்டு வெளியே வருகிறான். வியர்வையில் மை கசிந்து, வெள்ளைச் சட்டையில் இரண்டு ஊதா வட்டங்கள் பூக்கின்றன. காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்கிறான். “வழி விடுங்கப்பா, எங்க அக்கா போறா!” என்று முதுகுக்குப் பின்னால் அண்ணன் கத்துகிறான். அறையே சிரிக்கிறது. கதவோரம் உட்கார்ந்திருக்கும் கண் மங்கிய பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாகக் காலை மடக்கி, “போம்மா, பாத்துப் போ” என்கிறார்.