அச்சாரம் போக மிச்சம்

“அச்சாரம் போனது போகட்டும்யா. மிச்சத்தை எடு!”

நூரி போட்ட சத்தத்தில் ஷத்லியின் மளிகைக் கடை வாசலில் பாதித் துறைமுகம் கூடிவிட்டது. காபிக் கடை ஹமாதி கையிலிருந்த தட்டோடு ஓடி வந்தார். சும்மா சொல்லக்கூடாது, நானும்தான் ஓடினேன்.

நூரிக்குப் பின்னால் அவனுடைய அக்கா மப்ரூகா, வெள்ளைப் போர்வையின் முனையைப் பல்லில் கடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள்.

ஷத்லி சர்க்கரைப் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை. “கைஸ் போன் பண்ணட்டும். அன்னிக்கே பணம் கை மாறிடும்.”

“அவன் எப்படிய்யா போன் பண்ணுவான்?”

மப்ரூகாவின் ஒரே மகன் கைஸ் இத்தாலிக்குக் கள்ளப் படகேறி நாலு மாதமாகிறது. அந்தப் படகில் போன ஒருவன் வீட்டிலும் இதுவரை போன் அடிக்கவில்லை.

எங்கள் ஊரில் அச்சாரம் என்றால் கொடுத்த அன்றே தலைமுழுகிவிட வேண்டும். ஆட்டுக்குக் கொடுத்தாலும் சரி, கல்யாண மேளத்துக்குக் கொடுத்தாலும் சரி. படகுக்கும் அதே வழக்கம்தான். பாதிப் பணம் படகுக்காரனுக்கு அச்சாரம். மிச்சம், ஊரில் நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கும். பிள்ளை அக்கரையில் இறங்கி, ‘வந்துட்டேம்மா’ என்று கூப்பிட்டால் அது படகுக்காரனுக்கு. இல்லையென்றால் வீட்டுக்கே திரும்பிவிடும்.

பத்து வருஷமாக அந்த நம்பிக்கையான ஆள் ஷத்லி.

“மிச்சங்கிறது சாமான் வந்து சேந்த பிறகு பேசற பேச்சுதானே...” என்று ஹமாதி நியாயம் பேச வந்தார்.

“யாருய்யா சாமான்?” என்று நூரி அவர் சட்டையைப் பிடித்தான். ஹமாதி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நூரி மறுபடி ஷத்லியிடம் பாய்ந்தான். “அதே படகுல போன மூணு பேர் வீட்டுக்குத் திருப்பிக் குடுத்தியே! எங்க அக்கா புருஷன் இல்லாதவ, கேக்க நாதியில்லேன்னுதானே அமுக்கிட்டே?”

“அவங்க வந்து கேட்டாங்க. குடுத்தேன்.”

“இப்ப எங்க அக்கா கேக்கறா!”

எல்லோரும் மப்ரூகாவைப் பார்த்தோம். அவள் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“பாவம், வாயில்லாப் பூச்சி” என்றார் ஹமாதி.

நூரியின் படகு எஞ்சின் பழுதாகிக் கிடப்பதும், அவனுக்குப் பணமுடை என்பதும் ஊருக்கே தெரியும். ஆனாலும் அன்றைக்கு எல்லோரும் அவன் பக்கம்தான். பிள்ளையைக் கடலில் தொலைத்தவளின் காசில் கை வைப்பவன் மனுஷனா?

அடுத்த நாளிலிருந்து ஷத்லி கடையில் யாரும் எண்ணெய்கூட வாங்கவில்லை. கடைக் கதவில் யாரோ கரியால் ‘திருடன்’ என்று எழுதினார்கள். அவர் அதை அழிக்கக்கூட இல்லை. பார், எவ்வளவு திமிர் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

காபிக் கடையில் மப்ரூகாவுக்காகப் பணம் திரட்டினோம். ஹமாதி அதை ஒரு பச்சைத் துணியில் முடிந்து அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

போலீசுக்குப் போக வழியில்லை. போனால் படகு யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு இமாம் முன்னால் வைத்துத் தீர்ப்பது என்று முடிவாயிற்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, இமாமிடம் கொடுக்கும் மனுவை என்னை எழுதச் சொன்னார்கள்.

‘இது அச்சாரமும் அல்ல, முன்பணமும் அல்ல. நம்பி ஒப்படைத்த அமானிதம். அதைத் தின்பவன்...’ என்று நன்றாகவே எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மப்ரூகாவின் கைநாட்டு மட்டும்தான் பாக்கி. வியாழக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது.

“ஷத்லி கடைப் பக்கமா போனாளே” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஷத்லியின் குரல். அந்த மனுஷன் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

“எடுத்துக்கிட்டுப் போயிடு தங்கச்சி. மூணு மாசமா உன் கால்ல விழாத குறையா சொல்றேன். தெருவுல தலை காட்ட முடியல.”

“நான் வாங்கிட்டா, அவன் இல்லேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும் அண்ணே.”

“நூரிகிட்டயாவது உண்மையைச் சொல்லேன்...”

“அவன் உன் கையிலேருந்து புடுங்கிட்டுப் போயிடுவான். அப்புறம் என் புள்ளைக்கு எதுவுமே இல்ல.” இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “இதையும் அதோட சேத்து வை அண்ணே. படகுக்காரங்க ரேட்டை ஏத்திட்டாங்களாம். புள்ள கரையேறிக் கூப்பிடறப்போ, பணம் குறையுதுன்னு அவனைப் புடிச்சு வச்சிடக் கூடாது பாரு.”

ஹமாதி முடிந்து கொடுத்த பச்சைத் துணி. முடிச்சுகூட அவிழ்க்கவில்லை.

ஷத்லி மிச்சப் பணம் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து அதை உள்ளே வைத்தார். நிமிர்ந்தபோது வாசலில் மனுவோடு நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். மப்ரூகாவும் திரும்பினாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

ஷத்லி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினார்.

“அவ புள்ள போன் பண்ணாம ஒரு தினார் திருப்பித் தரமாட்டேன்! போய்யா, யாருக்கு வேணா எழுதிக் குடு!”