வாசலுக்கு வந்த போராட்டம்

போராட்ட வரலாறு எழுதியே பெயர் வாங்கிய பத்திரிகையாளர் அறிவழகன், ஷவரில் ஆசைதீரக் குளித்துவிட்டு வெளியே வந்தார். நாமகிரிப்பேட்டையில் அவர் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் போராட்டத்தை எழுத ஆள் தேடி வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. செல்போனில் பதிவை ஓடவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த குப்பாயியிடம் நீட்டினார்.

"எத்தன நாளா தண்ணி வரலீங்க?"

"மாசம் ஒண்ணாச்சுங்க."

"யார எதுத்துப் போராடறீங்க? அரசாங்கத்தயா?"

"இல்லீங்க. தெருக்கொழாய்ல மோட்டார் வெச்சு, எல்லாத் தண்ணியயும் ஒரு ஊட்டுக்காரங்களே உறிஞ்சிக்கறாங்க."

"அந்தச் சுரண்டல்காரன் யாருன்னு தைரியமாச் சொல்லுங்க. புத்தகத்துலயே போடறேன்."

"நீங்கதானுங்க."

அறிவழகன் சட்டென்று பதிவை நிறுத்தினார்.

"மோட்டார நிறுத்தச் சொல்லி வந்தா, செல்போன நிறுத்தறீங்களேங்க" என்றாள் குப்பாயி.