கொம்பருக்கும் வாலருக்கும் என்ன பகை

நாற்காலியில் குஷனைக் காணோம். முதுகுவலிக்காகத் தன் கையாலேயே தைத்துக் கொண்டுவந்த நீலக் குஷன். கதாசிரியை மேஜைக்கு அடியில் குனிந்து தேடிவிட்டு, நிமிரும்போது பக்கத்து மேஜையைப் பார்த்தாள்.

ஓவியன் தலையைக்கூடத் தூக்கவில்லை. லேப்டாப் திரையில் ஓர் அரக்கனுக்குப் பல் வரைந்துகொண்டிருந்தான்.

"தம்பி, என் குஷனப் பாத்தியா?"

"இல்லக்கா."

எட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் பேனா மூடி தொலைந்தால்கூடக் கூடவே குனிந்து தேடுகிறவன், இன்றைக்கு 'இல்லக்கா'வோடு நிறுத்திக்கொண்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

அந்த அலுவலகத்தில் ஆட்களே மூன்று பேர்தான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடுகிற மாய உலக விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் கொம்பர், வாலர் என்று ஒரே மலையில் இரண்டு அரக்கக் கூட்டம். காலங்காலமாக ஒட்டி உறவாடியவர்கள் திடீரென்று வெட்டிக்கொண்டு சாக வேண்டும்.

ஏன் என்று கண்டுபிடிப்பது கதாசிரியையின் வேலை. படம் ஓவியனுடையது. விளையாட்டுக்கான அரக்கப் பொம்மைகளுக்குப் பிரஷ் பிடித்து வர்ணம் அடிப்பதை மட்டும் முதலாளியம்மா யாரிடமும் விடமாட்டார்.

"புதையலுக்குச் சண்டைன்னு வச்சுக்கலாமா மேடம்?"

"அரைச்ச மாவு." முதலாளியம்மா ஒரு கொம்பனின் கண்ணுக்குச் சிவப்பு வைத்தபடியே சொன்னார்.

"இளவரசிய தூக்கிட்டுப் போயிட்டாங்க?"

"அதுவும்தான். பெரிய காரணமெல்லாம் வேணாம்மா. கேட்டா சிரிப்பு வர்ற மாதிரி சின்னதா ஒண்ணு சொல்லுங்க."

குஷன் போன கடுப்பில் சிரிப்புக்கு அவள் எங்கே போவாள்?

மறுநாள் அவளுடைய டீ கப் ஓவியன் மேஜையில் இருந்தது. உள்ளே பிரஷ் கழுவின சிவப்புத் தண்ணீர்.

"என்ன தம்பி இது?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் பிரஷ்ஷத் தொட்டே வருஷக்கணக்காச்சு. எல்லாம் கம்ப்யூட்டர்லதான்."

"அப்ப கப்பு காலு முளைச்சு நடந்து வந்துச்சா?"

"வேலை தலைக்கு மேல கிடக்குக்கா. ஒரு கப்புக்குப் போய்..."

"இன்னைக்குக் கப்பு. நாளைக்கு என் நாற்காலி."

அதோடு பேச்சு நின்றது. அவன் தும்மினால்கூட வேண்டுமென்றே தும்முவதாகத் தோன்றியது. போனில் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. முதலாளியம்மாவிடம் ஏதாவது போட்டுக்கொடுக்கிறானோ, தன்னைக் கிளப்பிவிட்டு வேறு யாரையாவது உட்கார வைக்கப் பார்க்கிறானோ?

நல்லவேளையாக முதலாளியம்மாவே கூப்பிட்டு விசாரித்தார். என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, முதலில் கோபம் வந்ததா, சந்தேகம் வந்ததா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்த நிம்மதியில் கதாசிரியை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அடுத்த நாள் ஓவியன் போனோடு வெளியே போயிருந்தான். அவன் லேப்டாப்பின் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. சார்ஜர் ஒயர் இருக்கிற வரைதான் அதற்கு உயிர்.

"நீ மட்டும்தான் எடுப்பியா?" என்று முணுமுணுத்தபடி ஒயரைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் திணித்தாள். கொஞ்ச நேரம் தேடி அலையட்டும் என்பதற்கு மேல் சத்தியமாக அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

அவன் திரும்பி வந்து, தேடு தேடென்று தேடி, கடைசியில் எங்கோ கடன் வாங்கிய ஒயரை மாட்டினான். லேப்டாப் பிழைத்தது. ஒரு வாரமாக வரைந்த போர்க்களப் படம் மட்டும் திறக்க மாட்டேன் என்றது. படத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே ஒயர் போயிருக்கிறது.

அவன் கத்தவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் கை கைப்பைப் பக்கம் போனது. ஆனாலும் ஆரம்பித்தது அவன்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் முதலாளியம்மா இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"நான் வேலைய விட்டு நின்னுக்கறேன் மேடம்," என்றான் ஓவியன். "என் ஒயரையும் காணோம், படமும் போச்சு. இனிமே இவங்க பக்கத்துல உக்காந்து என்னால வேலை பாக்க முடியாது."

"முதல்ல ஆரம்பிச்சது யாரு? என் குஷன் எங்க?" கதாசிரியை கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

முதலாளியம்மா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"என் கார் டிக்கியில. கப்பக் கொண்டு போய் தம்பி மேஜையில வச்சதும் நான்தான்."

ஓவியன் கதாசிரியையைத் திரும்பிப் பார்த்தான்.

"கொம்பருக்கும் வாலருக்கும் பகையே கிடையாது. மூணாவதா ஒருத்தன் இங்க இருக்கறத எடுத்து அங்க வப்பான். மிச்சத்த அவங்களே பாத்துக்குவாங்க. இதுக்கெல்லாம் சண்டை வருமான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அதான் செஞ்சு பாத்தேன். தப்புதான், ரெண்டு பேரும் என்னை மன்னிச்சிருங்க."

ஓவியன் மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. "அக்கா," என்றான். "உங்களப் போய் நான் தப்பா நினைச்சுட்டேனே."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைப்பையின் ஜிப்பை விரல்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன.

முதலாளியம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"ஆனா, ஒயர நான் எடுக்கலயே?"