ஆடிக்கு வாரேனுங்கம்மா

ஆடி மாதம் சண்முகப்பிரியாவின் பிணம் பனமரத்துப்பட்டி ஏரியில் மிதந்தது. ஆவணி முடியப்போகிறது, கொலையாளி சிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி அவளுடைய பெற்றோர் முன்னால் செல்போனை வைத்தார். "பொண்ணு அனுப்புன வாய்ஸ் மெசேஜையெல்லாம் ஏஐகிட்ட குடுத்திருக்கோம். அவங்களாட்டமே பேசும். பேசிப் பாருங்க."

அப்பா சின்னுசாமி எரிந்து விழுந்தார். "அவளை இழுத்துட்டு ஓடிக் கட்டிக்கிட்டவனைப் புடிக்கறத உட்டுப்போட்டு, மெசின்கிட்ட என்னுங்க பேச்சு?"

அம்மா சௌந்திரம் போனை எடுத்தாள். "சாமி..."

"அம்மா! என்ற கூடப் பேசவே மாட்டீங்கன்னு நெனச்சனுங்க."

அதே குரல். "எப்படியிருக்கற கண்ணு?"

"இருக்கறனுங்கம்மா. தலை ஆடிக்கு எங்களைக் கூப்பிடுவீங்களா? அப்பாவுக்குக் கோவம் போயிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உடனே ஊட்டுக்கு வாரேன்."

சௌந்திரம் போனை மார்போடு இறுக்கிக்கொண்டு அலறினாள்.

"வராத சாமி! அன்னைக்குக் கூப்பிட்டாப்பல நானே கூப்பிட்டாலும் வந்தராத! உங்கொப்பன் இங்கதான் நிக்கறான்!"